என் இஞ்சின்ல அவன் கை

கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி. உங்க வேட்டி வெள்ளையா இருக்கு, என் பக்கம் சாஞ்சா டீசல் ஒட்டிரும். குளிச்சிட்டுத்தான் வாரேன், சத்தியமா. மூணு தடவை சோப்புப் போட்டேன். போகாது. நான் செத்தா எங்கம்மா புதைக்க மாட்டாளாம். தலையில திரி போட்டா ஒரு வாரத்துக்கு எரிவேனாம். பெத்த தாய் சொல்லுத பேச்சா இது?

எங்க இறங்குதிய? ஆத்தூரா? சரி, சரி. நான் புன்னக்காயல், கடைசி ஸ்டாப்பு. நேரம் கெடக்கு.

என்ன, ரகசியம் பேசுத மாதிரி பேசுதேன்னு பாக்கியளா? காரணம் இருக்கு. முன்னால மூணாவது சீட்டு, ஜன்னல் ஓரம், வெள்ளச் சட்டை. தெரியுதா? ஐயோ, எந்திரிச்சுப் பாக்காதிய அண்ணாச்சி! சும்மா கண்ட்ரக்டரைப் பாக்க மாதிரி பாருங்க. தூங்குதாம்லா? அவன் பேரு டெரன்ஸ். எங்கூர்க்காரன். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தூத்துக்குடி வந்தோம், ஒண்ணாத்தான் திரும்புதோம். எனக்கும் சேத்து அவனே டிக்கெட் எடுத்துட்டான். அதான் பின்னால வந்து உக்காந்துட்டேன்.

வெள்ளச் சட்டையைக் கவனிச்சியளா? உங்களுக்கு வெள்ளை சரி. அவன் டீசல் இஞ்சின் மெக்கானிக்கு. கத்தார்ல ஏதோ கம்பெனியில, கப்பல் இழுக்குத படகு இருக்கும்லா, அதுல வேலை. மெக்கானிக்குன்னா சட்டையில கறை இருக்கணும். அதானே மரியாதை? கறை இல்லாத மெக்கானிக்கை எப்படி நம்புறது?

எனக்குப் பொறாமைன்னு ஊருல சொல்லுதாங்க. சிரிப்பா வருது. பொறாமைப்படுத அளவுக்கு அவன்கிட்ட என்ன இருக்கு? நல்ல வேலை இருக்கு, பாஸ்போர்ட்டு இருக்கு, எங்கம்மா இருக்கா. அதை விட்டா என்ன இருக்கு, சொல்லுங்க?

எங்கம்மான்னா சொன்னேன்? ஆமா. அவன் லீவுல வந்து மூணு வாரம் ஆகுது. வந்த மறுநாள் எங்க வீட்டுக்கு வந்தான், அம்மாவைப் பாக்க. சின்னதுல இருந்து வந்து போறவன்தான். ஒண்ணாத்தான் படிச்சோம். பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு, அப்புறம் ஒரே பாலிடெக்னிக்கு. அவன் முடிச்சான். நான் ஒன்றரை வருசத்துல காலேஜை விட்டுட்டேன். காலேஜ்ல கேட்டா வேற மாதிரி சொல்லுவாங்க. அதை விடுங்க, பிரிஞ்சதுல ரெண்டு தரப்புக்கும் சந்தோசந்தான். அன்னைக்கு எங்க வீட்டுல விளமீன் குழம்பு. தலை யாருக்குன்னு நெனைக்கிய? இருபத்தி நாலு வருசமா அந்த வீட்டுல தலை எனக்குத்தான். அம்மா கரண்டியை எடுத்தா, என் தட்டைத் தாண்டிப் போனா, அவன் தட்டுல போட்டா. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். அவன் என்ன செஞ்சான் தெரியுமா? "வினிக்குப் போடுங்க அத்தை"ன்னான். வினின்னா நான், வினிஸ்டன். பெருந்தன்மையாம்! "அவன் தெனமும்தானே திங்கான்"னா அம்மா. எனக்கு வால் வந்துச்சு. வாலுதான் ருசின்னு சொல்லிச் சாப்பிட்டேன். முள்ளு குத்துச்சு.

சரி, விசயத்துக்கு வாரேன்.

நான் வள்ளத்துல டிரைவர். வள்ளம்னா தெரியும்லா, நாட்டுப் படகு. எங்க சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, பெலவேந்திரன் மாமா. சொந்த மாமா இல்ல, ஊருல எல்லாருக்கும் அவரு மாமாதான். ரெண்டு சிலிண்டர் டீசல் இஞ்சினு. அதை ஓட்டுறது, தொடைக்கிறது, திட்டுறது, எல்லாம் நான். மூணு வருசமா இஞ்சின் ஹேண்டிலை என்னைத் தவிர ஒருத்தன் தொட்டதில்ல. அந்த ஹேண்டில் கையில இருக்கவன்தான் டிரைவர். மத்தவன் எல்லாம் வலை இழுக்கணும். வலை இழுக்கதுல ஒண்ணும் கேவலம் இல்ல அண்ணாச்சி, அப்பா காலம் பூரா இழுத்தாரு. ஆனா வினிஸ்டன்னா யாருன்னு கேட்டா, "பெலவேந்திரன் இஞ்சினு"ன்னு சொல்லுவாங்க. படிப்பு விட்டவனுக்கு ஊருல வேற என்ன பேரு இருக்கு? அந்த ஒரு பேருதான்.

போன மாசம் அந்த இஞ்சின்ல டீசல் லீக்.

பெருசா இல்ல. சும்மா வேர்த்த மாதிரி. டீசல் பம்புல இருந்து சிலிண்டருக்கு ரெண்டு இரும்புக் குழாய் போகும். பென்சில் தண்டிதான் இருக்கும், ஆனா உள்ள வார டீசலுக்கு அவ்வளவு அழுத்தம். அதுல ஒரு பைப்பு, நட்டு இருக்க எடத்துல ஈரம். நான் என்ன செஞ்சேன்? ஸ்பேனரை எடுத்தேன், முறுக்குனேன். ரெண்டு நாள் நின்னுச்சு. மறுபடி ஈரம். மறுபடி முறுக்குனேன். நூலைச் சுத்தி முறுக்குனேன். சோப்பை அப்பி முறுக்குனேன். குரூஸ் அண்ணன்னு ஒருத்தர் எங்கூட வலை இழுப்பாரு, வாய் சும்மா இருக்காது. "ஏல வினி, இஞ்சினுக்கு டீசல் ஊத்துதியா, குளிப்பாட்டுதியா?"ன்னாரு. "சோப்பு வாசமா இருக்குல்லா, உங்களுக்கும் ஒரு துண்டு தாரேன், உங்களைக் குளிக்கச் சொல்லி வீட்டுல அக்கா ரெண்டு வருசமாக் கேக்காவோ"ன்னேன். வள்ளமே சிரிச்சுச்சு. அண்ணன் ஒரு நாள் பூரா எங்கூடப் பேசல.

சிரிச்சாச்சு. லீக் நிக்கல.

அப்புறந்தான் அந்த எழவு நாள். நல்ல மீன் பாடு. ஊளி, பாறை, ஒரு பெரிய சீலா. கரையில ஏலம். யாவாரி சீலாவைத் தூக்கினாரு, மோந்து பாத்தாரு, கீழ வச்சாரு. "சம்மாட்டி, இதைப் பொரிக்க எண்ணெய் வேண்டாம் போல"ன்னாரு. டீசல் ஒழுகி அடித்தண்ணியில கலந்து, தண்ணி மீன்ல பட்டு, மீனு பூரா வாசம். ஒருத்தனும் ஏலம் கேக்கல. பெலவேந்திரன் மாமா என்னைத் திட்டல அண்ணாச்சி. திட்டியிருந்தா பதில் சொல்லியிருப்பேன், பதிலுக்கா பஞ்சம்? மீனைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, துண்டை உதறித் தோள்ல போட்டுட்டுப் போயிட்டாரு.

மறுநாள் வெள்ளன கரைக்குப் போறேன். வள்ளத்துக்குப் பக்கத்துல வெள்ளச் சட்டை.

"மாமா கூப்பிட்டாங்க வினி"ன்னான். அப்புறம் கேட்டான், "தொட்டுக்கிடவா?"ன்னு. என்கிட்ட! அனுமதி கேக்கான்! அங்கதான் எனக்கு எரிஞ்சுது. கேக்காமத் தொட்டிருந்தா ரெண்டு வார்த்தை கேட்டுச் சண்டை போட்டிருக்கலாம். மரியாதையாக் கேட்டுட்டான். வேண்டாம்னா சொல்ல முடியும்? "தொடு, தொடு, பொண்ணு பாக்க வந்த மாதிரி என்ன கூச்சம்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். சிரிச்சிட்டு டார்ச்சை என் கையில குடுத்து, "இங்கன அடி"ன்னான்.

மூணு வருசமா ஹேண்டில் பிடிச்ச கை அண்ணாச்சி. டார்ச் பிடிக்கேன்.

நான் வழக்கம் போல ஸ்பேனரை நீட்டினேன். வாங்கல. பனியன் வேஸ்ட்டை எடுத்தான், தொடைச்சான். தொடைச்சான், தொடைச்சான், தொடைச்சுக்கிட்டே இருந்தான். "இன்னைக்கு இஞ்சினுக்குப் பூப்பு நீராட்டு விழாவா"ன்னு கேட்டேன். பைப்பு பளபளன்னு ஆயிட்டு. அப்புறம் திரும்பி, "பவுடர் இருக்கா?"ன்னான். எல்லாரும் முழிக்காங்க. மூஞ்சிக்குப் போடுத பவுடராம். குரூஸ் அண்ணன் உடனே, "வினி பையில இருக்கும், அவன் கடலுக்குள்ள போனாலும் மாப்பிள்ளை மாதிரிதான் போவான்"னு எடுத்துக் குடுத்துட்டாரு. என் பவுடர்! புது டப்பா! அதைத் தட்டி பைப்பு மேல, நட்டு மேல எல்லாம் பூசுனான். வெள்ளையா ஆயிட்டு. "இப்ப மெதுவா ஸ்டார்ட் பண்ணு"ன்னான்.

பண்ணினேன். ரெண்டு நிமிசம். நான் குனிஞ்சு விரலை வச்சுப் பாக்கப் போனேன். கையைப் பிடிச்சு இழுத்துட்டான். "விரலை வைக்காத. உள்ள வார வேகத்துக்குத் தோலைத் துளைச்சு உள்ள போயிரும்"னான். மூணு வருசமா நான் விரலை வச்சுத்தான் பாக்கேன், பத்து விரலும் இருக்கு, எண்ணிக்கிடுங்க. ஆனா சொல்லல. ஏன்னா அதுக்குள்ள தெரிஞ்சுட்டு. நட்டு மேல பவுடர் அப்படியே காஞ்சு கெடக்கு. அதுக்குக் கீழ, பைப்போட கழுத்துல, மயிரிழை தண்டிக்கு ஒரு ஈரக் கோடு.

ஒரு மாசமா நான் முறுக்குனது நட்டை. ஒழுகினது பைப்பு. விரிசல். நான் முறுக்க முறுக்க விரிசல் கூடியிருக்கு.

அதை விடுங்க. அது யாருக்கும் வரும். அடுத்து நடந்ததுதான் கதை.

இஞ்சினை நிப்பாட்டச் சொல்லி, பவுடரைத் தொடைச்சான், அவன் கண்ணு பைப்பு மேலயே போகுது. ரெண்டு பைப்பும் பக்கத்துல பக்கத்துல ஓடுது பாருங்க, நடுவுல ஒரு எடத்துல பளிச்சுன்னு தேஞ்ச அடையாளம். ஏதோ பிடிச்சுக்கிட்டிருந்த எடம். அவன் விரலால தடவினான். அப்புறம் தலையை நிமிந்தான். இஞ்சின் பெட்டிக்கு மேல என் புளூடூத் ஸ்பீக்கர் தொங்குது. எதுல தொங்குது? ஒரு குட்டிக் கிளிப்புல. ரெண்டு பைப்பையும் சேத்து ஆடாமப் பிடிக்க கம்பெனிக்காரன் போட்ட கிளிப்பு. ரெண்டு மாசத்துக்கு முன்னால ஸ்பீக்கர் வாங்கினேன். மாட்ட ஒண்ணும் கெடைக்கல. இது சும்மா அலங்காரத்துக்கு இருக்குன்னு கழட்டி மாட்டிட்டேன். பாட்டு இல்லாம எப்படி அண்ணாச்சி கடல்ல போறது? கிளிப்பு இல்லைன்னா பைப்பு ரெண்டும் தனித்தனியா நடுங்குமாம், நடுங்கி நடுங்கிக் கழுத்துல விட்டுருமாம். மூணாவது செமஸ்டர்ல நடத்தினாங்களாம். நான் அந்த செமஸ்டர்ல ஆஸ்பத்திரியில இருந்தேன். சரி, தியேட்டர்ல இருந்தேன்.

அவன் ஸ்பீக்கரைப் பாத்தான். என்னைப் பாத்தான். நான் டார்ச்சை அணைச்சேன்.

பெலவேந்திரன் மாமா கரையில நின்னு கேக்காரு, "என்னய்யா ஆச்சு?"

இவன் சொல்லுதான்: "உப்பு மாமா. பைப்பு பழசாயிட்டு. வினி மேல ஒண்ணும் இல்ல, யாரு ஓட்டியிருந்தாலும் இதான். புதுசு மாட்டினா சரியாயிரும்."

கேட்டியளா? வினி மேல ஒண்ணும் இல்ல!

காட்டிக் குடுத்திருந்தா ஒரு நாள் அசிங்கம், ஒரு வாரம் கேலி, முடிஞ்சிரும். இப்ப என்ன ஆச்சு? சாயங்காலத்துக்குள்ள ஊரு பூரா, "டெரன்ஸ் அரை மணியில கண்டுபிடிச்சான், ஆனா ஒருத்தனையும் குத்தம் சொல்லல பாரு, அதான் வளப்பு." எங்கம்மா சொல்லுதா! அவனை வளத்தது யாரு? அவன் அம்மா. என்னை வளத்தது யாரு? அப்ப அவ தன்னைத்தானே திட்டுதா, அதுகூடத் தெரியல.

வேலை தெரிஞ்சவன்னு பேரு வாங்கினான், சரி. என் பவுடரை வச்சுப் பேரு வாங்கினான், சரி. என் தப்பை வச்சும் பேரு வாங்கிட்டான் அண்ணாச்சி. நான் செஞ்ச தப்பு! என் சொந்தத் தப்பு! அதுலயும் லாபம் அவனுக்கு!

போய்க் கேட்டேன். "ஏம்ல சொல்லல?"

"எதை?"

"நடிக்காத. கிளிப்பை."

"அதைத் திரும்ப மாட்டினாப் போதும்லா. சொல்லி என்ன ஆகப் போகுது?" அப்புறம் என் முகத்தைப் பாக்காம, "உனக்கு இந்த ஒரு வேலைதானே வினி இருக்கு"ன்னான்.

முக்காணிப் பாலம் வந்துட்டு பாருங்க. ஆத்துல தண்ணி கெடக்கா? கெடக்கு. உங்க ஊரு வெத்தலைக்குக் கவலை இல்ல.

என்ன சொன்னேன்? ஆங். இந்த ஒரு வேலைதானே இருக்கு. நல்ல மனசுலதான் சொன்னான். எனக்குத் தெரியும். நல்ல மனசுல சொன்னதுதான் இறங்க மாட்டேங்கு.

நேத்து காலையில வலைக் கொட்டகையில எல்லாரும் உக்காந்து வலை பொத்துதாங்க. பெலவேந்திரன் மாமா ஒரு ஓரமா டீ குடிக்காரு. டெரன்ஸும் இருக்கான், கிழிஞ்ச வலையை அவனும் பொத்துதான், அதுவும் தெரியும் அவனுக்கு. நான் நடுவுல போய் நின்னேன். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க"ன்னேன். "பைப்பு உப்புல போகல. கிளிப்பைக் கழட்டி ஸ்பீக்கர் மாட்டினது நான். பைப்பை ஒடைச்சது நான். மீன் நாறினது என்னால. டெரன்ஸுக்கு இதுல ஒரு சம்பந்தமும் கெடையாது!"

குரூஸ் அண்ணன் சிரிச்சாரு பாருங்க, டீ மூக்கு வழியா வந்துட்டு. எல்லாரும் சிரிக்காங்க. "ஏல, அவன் நல்ல பேரு வாங்கிட்டான்னு நீ கெட்ட பேரையாவது வாங்கிரணும்னு அலையுதியா?"ங்காரு. நான் சத்தியம் பண்ணுதேன். மாதா மேல பண்ணுதேன். இன்னும் சிரிக்காங்க. "இவன் நடிப்பைப் பாருங்கல"ங்கான் ஒருத்தன். அண்ணாச்சி, இவ்வளவு நாள் நான் விட்ட பொய்யை எல்லாம் நம்பினாங்க. ஒரு உண்மை சொன்னேன், கைதட்டு வாங்கிட்டேன்.

டெரன்ஸைப் பாத்து, "நீ சொல்லுல"ன்னேன். "விடு வினி"ன்னான். அவ்வளவுதான். அதுலயும் ஊருக்கு அவன்தான் பெரிய மனுசன்.

சிரிக்காத ஆளு ஒருத்தர்தான். பெலவேந்திரன் மாமா. டீ கிளாசைக் கீழ வச்சாரு. வள்ளத்தை நோக்கி நடந்தாரு. இஞ்சின் பெட்டியைத் திறந்து பாத்தாரு, மேல பாத்தாரு. ஸ்பீக்கர் கயித்துல கட்டித் தொங்குது, நான்தான் முந்தாநாள் மாத்தினேன். கயிறு புதுசு, முன்னால வேற எதுலயோ தொங்கியிருக்குன்னு அவருக்குப் புரிஞ்சுட்டு. எல்லாம் பாத்துட்டுத் திரும்பி வந்தாரு. எனக்கு முன்னால நின்னாரு.

"நாளைக்கு ரெண்டு பேரும் தூத்துக்குடி போங்க. சரியான பைப்பான்னு டெரன்ஸ் பாக்கட்டும். ஆனா மாட்டுறது நீ. நீ மட்டுந்தான். டெரன்ஸ் கரையில நிக்கணும், வாய் திறக்கக் கூடாது. சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணுவோம். ஒரு சொட்டு ஒழுகுச்சு, ஹேண்டிலை அந்தோனி மவன்கிட்ட குடுத்துட்டு நீ வலை இழு."

அவரு என்னை நம்பிட்டாரு அண்ணாச்சி. நம்பின ஒரே ஆளு. அதுக்குத் தண்டனையும் அவருதான் குடுத்தாரு. அது சரிதானே? நான் குறை சொல்லல.

இன்னைக்குக் கடையில என்ன நடந்துச்சுங்கிய? இவன் பைப்பை வாங்கினான், ஓட்டைக்குள்ள பாத்தான், வாயை வச்சு ஊதினான், பழசோட பக்கத்துல வச்சு வளைவு பாத்தான். நான் சாக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். கடைக்காரர் என்னைப் பாத்து, "தம்பி, நீங்க ஹெல்பரா?"ன்னாரு. டெரன்ஸ் சட்டுனு, "இல்ல அண்ணாச்சி, அவன்தான் டிரைவர்"ங்கான். பாருங்க, பாருங்க, எப்பவும் இப்படித்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இவன் கேவலமா நடந்துக்கிட்டா நான் நிம்மதியாத் தூங்குவேன்.

சிரிக்காதிய அண்ணாச்சி. எனக்கு ஒரு சின்னப் பிரச்சினை. நீங்க இறங்கப் போறிய, யாருகிட்டயும் சொல்ல மாட்டிய, அதான் சொல்லுதேன்.

பைப்பு மாட்டத் தெரியும். ரெண்டு பக்கமும் கையால ஏத்தணும், காத்தை வெளிய எடுக்கணும், கிளிப்பு போடணும். எல்லாம் தெரியும். ஆனா கடைசியா நட்டை எவ்வளவு முறுக்கணும்? அது தெரியல. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், கை நிக்குத வரைக்கும் முறுக்குறது. அப்படி முறுக்கினா புதுப் பைப்பும் போயிரும். கொஞ்சமா விட்டா ஒழுகும். ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ ஒரு எடம் இருக்கு. அந்த எடம் அந்த வெள்ளச் சட்டைக்குத் தெரியும். காலையில இருந்து ஒரு தடவைகூட என்னைக் கேக்க விடாம, என் வாயே என்னைத் தடுக்கு. ஜோக்கு நாப்பது அடிச்சாச்சு. இந்த ஒரு கேள்வி வெளிய வரல. கேட்டா சொல்லிருவான். சிரிச்சுக்கிட்டே சொல்லிருவான். அதான் பயம்.

ஆத்தூர் வருது. உங்க பையைக் குடுங்க, நான் எடுத்துத் தாரேன்.

அண்ணாச்சி, உங்க ஊர்ல தோட்டத்துக்கு டீசல் மோட்டார் வச்சிருப்பாங்கல்லா? இல்லைன்னாலும் இருக்குன்னு வச்சுக்கிடுங்க. முன் வாசல் வழியா இறங்குங்க. இறங்கும்போது அந்த மூணாவது சீட்டுக்கிட்ட நின்னு, சும்மா தோளைத் தட்டி எழுப்பி, "தம்பி, மெக்கானிக்கா? மோட்டார்ல டீசல் பைப்பு மாத்தியிருக்கேன், நட்டை எவ்வளவு முறுக்கணும்?"னு ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேக்கச் சொன்ன மாதிரி இருக்கக் கூடாது. காது கேக்காதவரு மாதிரி ரெண்டாவது தடவையும் கேளுங்க, அப்பத்தான் அவன் சத்தமாச் சொல்லுவான், எனக்கு இங்க வரைக்கும் கேக்கும்.

சொன்னதும் இறங்கிப் போயிருங்க. நன்றின்னு மட்டும் சொல்லிராதிய அண்ணாச்சி. ஏற்கெனவே அவன் நெறைய வாங்கி வச்சிருக்கான்.